சாட்சிக் கையெழுத்து

தஞ்சாவூர் சாலையில் இருந்த ஒரு தொழிற்சாலையின் கொள்முதல் பிரிவில் இருபத்தெட்டு வருடம் வேலை பார்த்தேன். காலையில் எடமலைப்பட்டி புதூரில் கம்பெனி பஸ் ஏறுவேன். மன்னார்புரத்தில் அவர் ஏறுவார். வரைபடப் பிரிவுக்காரர், என்னைவிட ஐந்து வயது மூத்தவர். ஒருநாள் வேறு இடமில்லாமல் என் பக்கத்தில் உட்கார்ந்தவர், என் கையிலிருந்த வாரப் பத்திரிகையைப் பார்த்துவிட்டு, "ராசிபலனை நம்பிப் படிக்கிறீங்களா, இல்ல சும்மாவா?" என்று கேட்டார்.

"நல்லதாப் போட்டிருந்தா நம்புவேன்" என்றேன்.

அவர் சிரித்தார். அன்றைக்குத் தொடங்கிய பேச்சு இருபத்திரண்டு வருடம் ஓடியது.

ஸ்ரீரங்கத்தில் பிறந்தவர். கோயில் கைங்கரியத்தில் இருந்த குடும்பம். எட்டு வயதுக்குள் பாசுரங்களை மனப்பாடம் செய்ய வைத்தார்களாம். இருபது வயதில் பூணூலைக் கழற்றினார். கல்யாணமான பிறகு மன்னார்புரத்தில் வீடு பார்த்துக்கொண்டு வந்துவிட்டார். "காவிரிக்கு இந்தப் பக்கம் வந்தாத்தான் மூச்சு விட முடியுது மேடம்" என்பார். பேச்சில்கூட ஸ்ரீரங்கத்து வாடை இருக்காது. 'வாங்கோ', 'சொல்லுங்கோ' எல்லாவற்றையும் பிடிவாதமாக உதறியிருந்தார். எங்களைப் போலத்தான் பேசுவார்.

நான் பெரிய பக்தை இல்லை. வெள்ளிக்கிழமைகளில் திருவானைக்காவல் போவேன், ஆடியில் கூழ் ஊற்றுவேன். அவ்வளவுதான். ஆனால் அவர் கேட்கிற கேள்விகள் எனக்குப் பிடித்தன. யாரும் பார்க்காதபோது ஒருவன் ஏன் நல்லவனாக இருக்க வேண்டும்? கோபம் வருகிறது என்கிறோமே, அது எங்கிருந்து வருகிறது? நாம் முடிவெடுக்கிறோமா, இல்லை எடுத்த முடிவுக்குக் காரணம் தேடுகிறோமா? நாற்பது நிமிடப் பயணத்தில் எதுவும் முடியாது. மறுநாள் மன்னார்புரத்தில் ஏறும்போதே, "நேத்து நீங்க சொன்னது தப்பு மேடம்" என்று தொடங்குவார்.

ஒருமுறை அவர் சொன்னது இன்னும் நினைவிருக்கிறது. "சாமி பாக்குதுன்னு நல்லவனா இருக்கிறவன் நல்லவன் இல்ல. ஜாக்கிரதையானவன்."

"ஊர் பாக்குதுன்னு நல்லவளா இருந்தா?" என்று கேட்டேன்.

"அதுவும் அப்படித்தான். சாமிக்குப் பதிலா ஊரு."

ஊரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தது. கேன்டீனில் எங்களைப் பற்றிப் பேசினார்கள். நான் நடந்து போகும்போது பேச்சு நின்று, கடந்தபின் மறுபடி தொடங்கும். என் கணவர் ஒரே ஒரு தடவை கேட்டார்: "பஸ்ல அவ்வளவு என்ன பேச்சு?"

"சாமி இருக்கா, இல்லையான்னு."

"அதுக்கு அடுத்த ஆளுகிட்ட எதுக்குப் போகணும்? என்னைக் கேட்டா சொல்ல மாட்டேனா?" என்றார். அதன்பின் கேட்கவில்லை. ஆனால் அடுத்த மாதமே எனக்கு ஒரு ஸ்கூட்டி வாங்கித் தரலாம் என்று தொடங்கினார். வேண்டாம் என்றேன். ஏன் வேண்டாம் என்பதற்கு, அவ்வளவு தூரம் வெயிலில் ஓட்ட முடியாது என்று காரணம் சொன்னேன். அதுவும் உண்மைதான்.

அவர் மனைவியை அந்த இருபத்திரண்டு வருடத்தில் நான்கைந்து தடவை பார்த்திருப்பேன். அலுவலகக் கல்யாணங்களில் கணவருக்குப் பின்னால் ஒரு அடி தள்ளி வருவார். குனிந்த தலை, நெற்றியில் மெல்லிய ஸ்ரீசூர்ணக் கோடு. "வீட்ல பூஜை எல்லாம் கிடையாது மேடம். அவளும் ஏத்துக்கிட்டா" என்று அவர் சொல்லியிருக்கிறார். எப்படி ஏற்றுக்கொண்டார் என்று நான் கேட்கவில்லை. அவ்வளவு பெரிய கேள்விகளெல்லாம் கேட்ட எனக்கு இந்தச் சின்னக் கேள்வி தோன்றவே இல்லை.

அவர் ஓய்வு பெற்று ஐந்து வருடம் கழித்து நானும் ஓய்வு பெற்றேன். அதற்குள் என் கணவர் இறந்துவிட்டார். மகள் கோயம்புத்தூரில் இருந்தாள். ஒரு நாள் காலை பதினோரு மணிக்கு அவர் என் வீட்டுக்கு வந்தார். எங்கள் தெருவின் மூன்று வீட்டு வாசல்களும் அவர் செருப்பைக் கழற்றுவதைக் கவனித்தன. கையிலிருந்த பிளாஸ்டிக் உறையிலிருந்து இரண்டு தாள்களை எடுத்தார்.

ஒன்று, இறந்தபின் உடலை மருத்துவக் கல்லூரிக்குத் தருவதற்கான படிவம். இன்னொன்று அவர் கையாலேயே எழுதிய கடிதம். எந்தச் சடங்கும் கூடாது, மந்திரம் கூடாது, நெற்றியில் எதையும் இடக்கூடாது, உடல் மாணவர்களுக்குப் போக வேண்டும். கீழே இரண்டு சாட்சிகளுக்கு இடம். ஒன்றில் வரைபடப் பிரிவின் பழைய நண்பர் ஒருவர் ஏற்கெனவே கையெழுத்துப் போட்டிருந்தார். இன்னொன்று எனக்கு.

"உங்க வீட்ல தெரியுமா?"

"சொல்லணும். சொல்லிப்பேன். ஆனா இது உங்ககிட்ட இருக்கட்டும். அங்க வெச்சா காணாமப் போயிடும்."

கையெழுத்துப் போட்டேன். அவர் தாள்களை எடுத்துக்கொண்டு தெருமுனைக் கடைவரை போய்விட்டு வந்து, உறையோடு என்னிடமே கொடுத்தார்.

"மேடம், ஒண்ணு சொல்றேன். நாளைக்கு எனக்குப் புத்தி கலங்கி, நானே மாத்திச் சொன்னாலும் நம்பாதீங்க. இதை எழுதினவன்தான் நான்."

"அப்ப மாத்திச் சொல்றவர் யாரு சார்?"

"அவன் வேற ஆளு" என்று சிரித்தார்.

மூன்று வருடம் கழித்து அந்த வேறு ஆள் வந்தார். பக்கவாதம். கையும் காலும் ஓரளவு தேறின, நினைவு தேறவில்லை. கையெழுத்துப் போட்ட அந்த நண்பரும் அதற்குள் காலமாகியிருந்தார். மகனுக்குப் பெங்களூரில் வேலை. தனியாக அவரைக் கவனிக்க முடியாமல் மனைவி மன்னார்புரம் வீட்டைக் காலி செய்துவிட்டு, ஸ்ரீரங்கத்தில் உத்தர வீதியிலிருந்த கணவருடைய தம்பி வீட்டுக்கு அவரைக் கூட்டிப்போனார். எந்தக் காவிரியைக் கடந்து வந்தாரோ, அதே காவிரியை ஆம்புலன்ஸில் படுத்துக்கொண்டு கடந்தார்.

பார்க்கப் போனேன். நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். புதுப் பூணூல். நெற்றியில் பளிச்சென்று திருமண். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"வாங்கோ மாமி. பெருமாள் சேவிச்சாச்சா?"

இருபத்திரண்டு வருடம் என்னை 'மேடம்' என்று கூப்பிட்டவர். அவர் உதறிய அந்தப் பேச்சு முழுக்க, ஒரு எழுத்து குறையாமல், திரும்பி வந்திருந்தது. மனைவி துளசித் தீர்த்தம் கொடுத்தார். அவர் கையைக் குவித்து வாங்கினார், கண்ணிலிருந்து தாரையாக நீர். பிறகு பாசுரம் சொல்லத் தொடங்கினார். காலையில் சாப்பிட்டது என்ன என்று தெரியாதவருக்கு ஒரு வரி பிசகவில்லை.

எனக்குப் பரிதாபம் வந்திருக்க வேண்டும். வந்தது கோபம். ஏமாற்றப்பட்ட கோபம். மனைவி உள்ளே காபி கலக்கப் போனபோது, குனிந்து மெதுவாகக் கேட்டேன். "சார், என்கிட்ட ஒரு காகிதம் குடுத்தீங்களே, ஞாபகம் இருக்கா?"

என்னை வெறித்துப் பார்த்தார். சிரிப்பு மெல்ல மறைந்தது.

"நான் ஏதாவது தப்புப் பண்ணிட்டேனா மாமி?"

"இல்ல சார். ஒண்ணுமில்ல" என்றேன். எட்டு வயதுப் பையனை மிரட்டியது போல் இருந்தது.

வாசல்வரை வந்த மனைவியிடம் என்னால் சும்மா இருக்க முடியவில்லை. "அவருக்கு இதெல்லாம் பிடிக்காதுங்களே" என்றேன்.

அன்றைக்குத்தான் அந்த அம்மாள் என்னை முதன்முதலாக நிமிர்ந்து பார்த்தார்.

"யாருக்குப் பிடிக்காது? இதோ உக்காந்திருக்காரே, இவருக்கா? பிரசாதம் வர அஞ்சு நிமிஷம் தாமசமானா அழறார்."

"முன்னாடி இருந்தவருக்கு."

"முன்னாடி இருந்தவர் என்னண்ட எப்படி இருந்தார்னு உங்களுக்குத் தெரியுமா? கல்யாணமாகி வந்த அன்னிக்கு, எங்கம்மா குடுத்த பெருமாள் படத்தை எடுத்து வாசல்லே வெச்சார். நாப்பது வருஷம் அதைப் புடவைக்கு நடுவுலே ஒளிச்சு வெச்சிண்டிருந்தேன். அவர் பஸ் ஏறப் போனப்பறம் பீரோவைத் திறந்து சேவிப்பேன். திருடி மாதிரி. ஒரு ஏகாதசிக்கு நான் சாப்பிடலைன்னு தட்டைத் தூக்கி எறிஞ்சிருக்கார். உங்களண்ட என்ன பேசுவார்? சுதந்திரம் பத்தியா?"

சுதந்திரம் பற்றித்தான் பேசுவார். நிறையப் பேசுவார். பீரோ திறக்கும் அதே நேரத்தில் பஸ்ஸில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவார்.

"இப்பதான் என் கூட கோயிலுக்கு வரார். கையைப் பிடிச்சிண்டு வரார். இதை நீங்க கெடுத்துடாதீங்கோ" என்றார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, யார்மீது கோபப்படுவது என்று தெரியாமல் வந்தேன். ஒரு மனிதனைப் பற்றி எனக்கு எல்லாம் தெரியும் என்று நினைத்திருந்தேன். எனக்குத் தெரிந்தது நாற்பது நிமிட மனிதன். மற்ற நேரமெல்லாம் அவர் யாராக இருந்தார் என்று நான் விசாரிக்கவில்லை. விசாரித்தால் பேச்சு கெட்டுவிடும் என்று உள்ளுக்குள் தெரிந்திருக்குமோ என்னவோ.

அதன்பின் இரண்டு தடவைதான் போனேன். பத்து மாதத்தில் அவர் இறந்துபோனார்.

காலை ஆறரைக்கு மகன் போன் செய்தான். குளித்துவிட்டு, பீரோவிலிருந்து பிளாஸ்டிக் உறையை எடுத்துக் கைப்பையில் வைத்தேன். கொடுத்துவிட வேண்டும் என்று உறுதியாக இருந்தேன். பஸ்ஸில் என்ன சொல்வது என்று ஒத்திகைகூடப் பார்த்தேன்: 'நான் சாட்சி மட்டும்தாங்க. அவரு எழுதினது. நீங்க என்ன செய்யணுமோ செய்ங்க.' நியாயமான, சுருக்கமான வார்த்தைகள். யாருக்கும் மனம் புண்படாது.

கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். நெற்றியில் திருமண், மார்பில் துளசி மாலை. அவர் தம்பி, சடங்கு செய்துவைக்கும் வாத்தியாரோடு பேசிக்கொண்டிருந்தார். ஓரமாக உட்கார்ந்திருந்த பெண்களில் ஒருத்தி இன்னொருத்தியிடம் என்னைக் காட்டி ஏதோ கேட்டாள். "ஆபீஸ்லே கூட வேலை பாத்தவளாம்" என்று பதில் வந்தது. அந்த 'ஆம்' கொஞ்சம் நீளமாக இருந்தது.

மனைவி என்னைக் கூப்பிட்டார். பின்னால் இருந்த சிறிய அறைக்குள் போனோம். மகனும் வந்து கதவருகே நின்றான். அழுது ஓய்ந்த முகத்தோடு அந்த அம்மாள் கேட்டார்.

"உங்களண்ட ஒண்ணு கேக்கணும். அவர் உங்களண்ட ஏதாவது எழுதிக் குடுத்திருக்காரா? இந்தக் காரியங்கள் பத்தி?"

கைப்பை என் மடியில் இருந்தது. அதன்மீது இரண்டு கைகளையும் வைத்திருந்தேன்.

"இல்லைங்க" என்றேன்.

"நன்னா யோசிச்சுச் சொல்லுங்கோ."

"அப்படி எதுவும் என்கிட்ட குடுக்கலைங்க."

அவர் என் கைப்பையைப் பார்த்தார். பிறகு மகனிடம், "சரி, சித்தப்பாவை ஆரம்பிக்கச் சொல்லு" என்றார்.

மந்திரம் கேட்டது. பத்து மணிக்கெல்லாம் கொள்ளிடக் கரைக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். நான் பஸ் ஏறினேன்.

மன்னார்புரம் வருவதற்குள் எனக்கு மூன்று காரணங்கள் கிடைத்துவிட்டன. நாற்பது வருடம் ஒளிந்து கும்பிட்ட ஒரு பெண்ணிடமிருந்து கடைசியாகக் கிடைத்ததைப் பறிக்கக் கூடாது. கடைசி ஒரு வருடம் துளசித் தீர்த்தத்துக்கு அழுதவரும் அவர்தானே, அவருக்கு ஓட்டு இல்லையா? எப்படியும் குடும்பம் சம்மதிக்காமல் மருத்துவக் கல்லூரியில் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். மூன்றும் நல்ல காரணங்கள். யாரிடமும் சொல்லலாம், தலையாட்டுவார்கள்.

ஆனால் 'இல்லைங்க' என்று சொன்ன அந்த நொடியில் இவற்றில் ஒன்றுகூட என் மனதில் இருக்கவில்லை. இருந்தது ஒன்றே ஒன்றுதான். மனைவியிடம் கொடுக்காததை இவளிடம் கொடுத்திருக்கிறார் என்று அந்தக் கூடம் முழுக்கப் பேசுமே என்ற பயம். அறுபத்திரண்டு வயதில், புருஷன் போன பிறகு, ஊர் என்ன சொல்லும் என்ற பயம். வாய் முதலில் பொய் சொல்லிவிட்டது, மனம் பஸ்ஸில் உட்கார்ந்து அதற்குச் சட்டை தைத்துப் போட்டது.

ஒரு மாதம் கழித்து, ஓய்வு பெற்றவர்கள் சேர்ந்து ஒரு கல்யாண மண்டபத்தின் மாடியில் இரங்கல் கூட்டம் வைத்தார்கள். வெள்ளைத் துணி விரித்த மேஜை, படம், ரோஜா மாலை. முன்பு அவரோடு வாதாடித் தோற்ற கணக்குப் பிரிவுக்காரர் மைக்கைப் பிடித்தார். "எவ்வளவு பேசினாலும் கடைசில அவன் காலடிக்குத்தான் வரணும். அண்ணன் விஷயத்தில அதைக் கண்ணால பாத்தோம்" என்றார். கை தட்டினார்கள். இரங்கல் கூட்டத்தில் கை தட்டுவதை அன்றுதான் பார்த்தேன்.

அடுத்து என்னைப் பேசச் சொன்னார்கள். எழுந்து போனேன். மூளையில் ஒரு ரத்தக்குழாய் அடைத்தது உங்கள் கடவுளின் வெற்றியா என்று கேட்டிருக்கலாம். தெளிவாக இருந்தபோது அவர் எழுதியது என்னிடம் இருக்கிறது என்று சொல்லியிருக்கலாம். "ரொம்ப நல்ல மனுஷர். எல்லாருக்கும் உதவி செய்வார்" என்று சொல்லிவிட்டு இறங்கிவிட்டேன். வரும்போது ஆளுக்கு ஒரு பொட்டலம் இனிப்பும் காரமும் கொடுத்தார்கள். வாங்கிக்கொண்டேன்.

அதன்பின் ஐந்தாறு மாதம் இருக்கும். அவர் மனைவி போன் செய்து, ஒருநாள் வரமுடியுமா என்று கேட்டார். போனேன். மைத்துனர் வீட்டு மாடியில் ஒரு அறையில் தனியாக இருந்தார். அந்தப் பெருமாள் படம் சுவரில் மாட்டியிருந்தது. ஓரத்தில் ஈரம் ஏறி மஞ்சளித்திருந்தது. காபி கொடுத்தார். பிறகு ஒரு ஃபைலை என் முன்னால் வைத்துத் திறந்தார். வீட்டு வரி ரசீதுகளுக்கு நடுவில் அந்தக் கடிதத்தின் ஜெராக்ஸ். கீழே என் கையெழுத்து, என் பெயர், என் முகவரி.

ஃபைலை என் பக்கம் இழுத்துக்கொண்டேன்.

"எப்ப பாத்தீங்க?"

"மன்னார்புரம் ஆத்தைக் காலி பண்ணினப்பவே."

"அப்ப, அன்னிக்கு என்னைக் கேட்டப்ப..."

"தெரியும். தெரிஞ்சுதான் கேட்டேன்."

"தெரிஞ்சிருந்தும் ஏங்க கேட்டீங்க? நீங்களே எடுத்துக் காட்டியிருக்கலாமே."

அவர் ஃபைலை மூடினார். குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"நானா எடுத்துக் குடுக்க எனக்கு மனசு வரலே. அவர் என்னை ஒரு படம் மாட்ட விடலை. நான் மட்டும் அவர் சொன்னதை ஏன் கேக்கணும்னு இருந்தது. ஆனா யாராவது அவருக்காக ஒரு வார்த்தை கேட்டா விட்டுடணும்னும் இருந்தது. உங்களுக்குத்தான் அவர்மேலே அவ்வளவு மரியாதை. நீங்க கேப்பேள்னு நெனச்சேன். நீங்க ஆமான்னிருந்தா மச்சினரை நிறுத்தியிருப்பேன். பிள்ளையையும் அதுக்குத்தான் பக்கத்துலே நிக்க வெச்சேன்."

நான் காபி டம்ளரைக் கீழே வைத்தேன்.

"எனக்கு நாப்பது வருஷக் கோபம் இருந்தது" என்றார். "உங்களுக்கு என்ன இருந்தது?"

பயம் என்று சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு சொல்தான். எதிரில் இருந்தவர் தன் பங்கை மறைக்காமல் சொல்லிவிட்டார், நான் மட்டும்தான் பாக்கி. அப்போதும் என் வாயில் வந்தது இதுதான்: "உங்க மனசு கஷ்டப்படக் கூடாதுன்னுதாங்க சொல்லலை."

அவர் சிரித்தார் என்று சொல்ல முடியாது. "அப்படியா" என்றார். டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். குழாயில் தண்ணீர் விழும் சத்தம் வெகுநேரம் கேட்டது. திரும்பி வந்து, "வெயில் ஏறறதுக்குள்ளே கிளம்புங்கோ" என்றார்.

அதற்குப்பின் அவர் அழைக்கவில்லை. நானும் போகவில்லை. திருவானைக்காவல் போகும் வெள்ளிக்கிழமைகளில் அதே பஸ் ஸ்ரீரங்கத்துக்குத் தொடர்ந்து போகும், நான் இறங்கிவிடுவேன். கோயிலில் என்ன வேண்டிக்கொள்வது என்று இப்போதெல்லாம் தெரிவதில்லை. சாமி இருந்தால் அதற்கு எல்லாம் தெரியும், கேட்க எனக்குக் கூசுகிறது. இல்லையென்றால், நான் செய்ததை மன்னிக்கக்கூடிய ஆள் கொள்ளிடக் கரையில் எரிந்துபோய்விட்டார். அவர் எந்த ஆளாக எரிந்தார் என்பதும் எனக்குத் தெரியாது. பிரகாரத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, கூட்டம் சேர்வதற்குள் பஸ் பிடித்து வீட்டுக்கு வந்துவிடுகிறேன்.